அவருக்கும் இரண்டு கோடு, எனக்கும் இரண்டு கோடு

பண்ருட்டி, வடலூர் பக்கமிருந்து முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காக மேற்கு ஆப்பிரிக்கா போய்வருகிறவர்கள் உண்டு. நானும் அப்படி கானாவுக்குப் போனவன்தான். கிளம்புவதற்கு முன் கொட்டையின் ஈரப்பதம், எடைபோடும் இடத்தில் நடக்கும் தில்லுமுல்லு, துறைமுகத் தரகர்களின் குணம் என்று ஆளுக்கு ஆள் வகுப்பெடுத்தார்கள். மலேரியாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: “அங்கே அது ஜலதோஷம் மாதிரி. வரும், போகும். இரண்டு சீசன் போனால் உடம்பு பழகிவிடும்.” மருத்துவச் செலவு, வீணான சரக்கு, கைநழுவிய ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்தால் இந்தப் பதிலுக்காக நான் அழுத தொகை எட்டு லட்ச ரூபாயைத் தாண்டும். இந்த ஆண்டு போகப்போகிறவர்களாவது படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். அந்த அட்டை கைக்கு வந்ததும் ஆப்பிரிக்கக் கொசு அத்தனைக்கும் சேர்த்து ஊசி போட்டாகிவிட்டது போன்ற நிம்மதி பலருக்கும் வந்துவிடுகிறது. அந்த ஊசிக்கும் மலேரியாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸால் வருவது. அதற்கு 1930களிலேயே தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு முறை போட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். மலேரியாவுக்குப் பயணிகள் போட்டுக்கொள்ள ஊசியே இன்றுவரை கிடையாது. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் தடுப்பு மாத்திரைதான் உண்டு. டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டும் சரி, போய்வந்த பழைய ஆட்களும் சரி, மாத்திரை என்ற பேச்சையே எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, கல்லூரியில் படிக்கும்போது வடசென்னையில் எனக்கு ஒரு முறை மலேரியா வந்து போயிருந்தது. “உனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்றார் ஒரு மாமா. சென்னையில் எனக்கு வந்தது வைவாக்ஸ் வகை. ஆளை வாட்டும், ஆனால் கொல்வது அரிது. ஆப்பிரிக்காவில் சக்கைப்போடு போடுவது ஃபால்சிபேரம் வகை. ஒன்று வந்து போனதால் மற்றொன்றை எதிர்த்து நிற்க முடியாது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் தங்கியிருந்தது நாட்டின் நடுவில் இருக்கும் கின்டாம்போ என்ற ஊரில். சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரிக் காடு. பிப்ரவரியில் போய் இறங்கினேன். கூட வந்த கூட்டாளி வீட்டில் ஒரு சாவு என்று மார்ச்சிலேயே திரும்பிவிட்டார். கிடங்கு, கணக்கு, கட்டிங் பரிசோதனை எல்லாம் என் தலையில். ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு கிலோ கொட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, பூஞ்சை பிடித்தது என்று பிரித்து எடைபோட வேண்டும். இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி வரை கிடங்கு வாசல் விளக்கின் கீழ் உட்கார்ந்து வெட்டுவோம். மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு இரவில்தான் கடிக்கும், அதிலும் ஊர் அடங்கிய பிறகுதான் அதிகம். நம் ஊர் டெங்கு கொசுவைப் போலப் பகலில் வந்து காலைச் சுற்றாது. கடித்த இடத்தில் பெரிய தடிப்பும் இருக்கவில்லை. “இங்கே கொசுவே இல்லை” என்று மனைவியிடம் தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறது.

ஏப்ரலில் முதல் மழை விழுந்து சில நாட்கள் ஆகியிருக்கும். பிற்பகலில் முதுகு வலித்தது. சாக்கைப் புரட்டியதால் என்று நினைத்தேன். இரவில் குளிர் தூக்கிப்போட்டது. மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கி, சரியாகிவிட்டது போல இருந்தது. மாலையில் மறுபடியும் ஏறியது. கிடங்கு மேஸ்திரி ஐம்பது வயதை நெருங்கும் உள்ளூர்க்காரர். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மலேரியாதான், பாஸ். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுங்கள். நான் ஆண்டுக்கு ஒரு முறை அப்படித்தான் செய்கிறேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் உடம்புக்கு அது போதும்.

நான் நிற்க முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்து அவரே மோட்டார் சைக்கிளில் ஒரு சிறிய கிளினிக்குக்கு அழைத்துப் போனார். விரல் நுனியில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டு, மேலே நாலைந்து சொட்டு மருந்து ஊற்றினார் நர்ஸ். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மேஸ்திரி விளையாட்டாகத் தன் விரலையும் நீட்டினார். அவருக்கும் ஒரு பட்டை வைத்தார்கள். இரண்டும் மேசை ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நேரம் ஆனதும் பார்த்தால் எனக்கும் இரண்டு சிவப்புக் கோடு, அவருக்கும் இரண்டு சிவப்புக் கோடு. அதாவது, இருவர் உடம்பிலும் ஃபால்சிபேரத்தின் தடம் இருக்கிறது. நான் மரப்பெஞ்சில் போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடக்கிறேன். அவர் அன்று காலையில் எண்பது கிலோ மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு வந்து, வாசலில் நின்று சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் தின்றுகொண்டிருக்கிறார். நர்ஸ் அவர் பட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டார். எனக்கு மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்பினார்.

இதற்கு விளக்கம் சொன்னவர் என் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓர் அம்மா. அங்கே வயதில் மூத்த பெண்களை ‘ஆன்ட்டி’ என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கின்டாம்போவில் ஒரு பெரிய சுகாதார ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மலேரியா தடுப்பூசியின் இறுதிக்கட்டச் சோதனை ஆப்பிரிக்காவில் பதினோரு இடங்களில் நடந்தபோது அதில் ஒன்று இந்த ஊர். ஆன்ட்டி அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர். மேஸ்திரியின் இரண்டு கோட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. “அவர் இங்கே பிறந்து, ஐந்து வயது தாண்டிப் பிழைத்தவர். அவர்கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டாயா?” என்றார். பிறகு கேட்டேன். இரண்டு பேர் குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டார்களாம்.

நோயெதிர்ப்பு என்றால் ஒரு முறை வந்தால் மறுமுறை வராது, அம்மை போல, என்றுதான் நாம் நினைக்கிறோம். மலேரியாவில் அந்தக் கணக்கு செல்லாது. ரத்தச் சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் ஃபால்சிபேரம் ஒட்டுண்ணி, அந்த அணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டிவைக்கிறது. நம் உடம்பு அதை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கியதும் வேறொரு புரதத்துக்கு மாறிவிடுகிறது, போலீஸ் துரத்தும்போது சந்துக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருபவனைப் போல. ஓர் ஒட்டுண்ணியிடம் அப்படி அறுபது சட்டைகள் வரை உண்டு; ஊருக்கு ஊர், ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி அவை வேறு. அத்தனையையும் பார்த்துப் பழக உடம்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1900வாக்கில் நியூ கினியாவில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதே, குழந்தைகளிடம் ஒட்டுண்ணி நிறையவும் பெரியவர்களிடம் அரிதாகவும் இருப்பதைக் கண்டார். 1961இல் காம்பியாவில் இன்னொரு படி மேலே போனார்கள். பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள்; குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி மளமளவென்று குறைந்தது. ஆக, மேஸ்திரியிடம் இருந்தது சும்மா ஒரு பழக்கம் அல்ல, ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒரு சொத்து. அதுவும் ஒட்டுண்ணியை முழுதாக விரட்டாது, நோயாக முற்றவிடாமல் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். கடி தொடரும் வரை சொத்தும் இருக்கும். மேஸ்திரியின் தம்பி இத்தாலியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்து, ‘எனக்கு இது சொந்த ஊர்’ என்று வலையில்லாமல் படுத்து, மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தாராம். இரண்டு சீசன் போனால் பழகிவிடும் என்ற பண்ருட்டிப் பேச்சை ஆன்ட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார்.

பிறவியிலேயே வரும் பாதுகாப்பும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் டஃபி என்ற புரதம் இல்லை. அதைப் பற்றிக்கொண்டுதான் வைவாக்ஸ் உள்ளே நுழையும் என்பதால் அந்த வகை அங்கே அபூர்வம். சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் ‘அரிவாள் அணு’ மரபு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான ஃபால்சிபேரத்திலிருந்து காக்கும் என்பதை அந்தோணி அலிசன் என்ற ஆய்வாளர் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். நம் நீலகிரிப் பழங்குடிகளிடமும் அதே மரபு இருப்பது 1952இலேயே தெரியவந்துவிட்டது. இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே வாழ்நாள் வேதனை. மேஸ்திரியின் அக்கா மகளுக்கு அப்படித்தான்.

என் கதைக்கு வருகிறேன். கிளினிக்கில் கொடுத்தது ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் லூமிஃபான்ட்ரின் ஒழுங்காக உடம்பில் சேரும். நான் வெறும் கஞ்சித் தண்ணீரில் விழுங்கி, அரை மணியில் வாந்தி எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி போட வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனது. கண் மஞ்சளானது. மேஸ்திரியின் பெயரை மறந்துவிட்டு அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. ஆன்ட்டிதான் டாக்சி பிடித்து, அறுபது கிலோமீட்டர் தள்ளி டெச்சிமானில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்.

அங்கே முன்பணமாக ஐயாயிரம் செடி (கானா நாணயம்) கேட்டார்கள், அன்றைய மதிப்பில் முப்பத்தேழாயிரம் ரூபாய் போல. என் பணம் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம், என் புத்தி எங்கோ. ஆன்ட்டியும் மேஸ்திரியும் கூடிக் கட்டினார்கள். அந்த ஊரில் எனக்கென்று சொந்தம் யாரும் இல்லை என்ற எண்ணம் நினைவு திரும்பியபோது வந்து நெஞ்சை அடைத்தது. முப்பத்தெட்டு வயதில் அம்மாவை நினைத்து அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. தனியாகப் போகிறவர்கள் ஒரு தாளில் ரத்த வகை, வீட்டு எண், காப்பீட்டு எண், பணம் எடுக்க யாருக்கு அனுமதி என்பதையெல்லாம் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவமனையில் சேர்ந்த அன்றே தகவல் போக வேண்டும். எனக்குப் போகவில்லை, அதைக் காரணம் காட்டிப் பாதித் தொகையைத்தான் தந்தார்கள். நான் மயக்கத்தில் இருந்ததற்குச் சான்றிதழ் கேட்ட கூத்து தனிக் கதை.

ஆர்ட்டிசுனேட் ஊசியை நரம்பில் ஏற்றினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது நூறு சிவப்பணுவுக்கு ஆறேழில் ஒட்டுண்ணி இருந்ததாகச் சொன்னார்கள். வார்டில் என்னைத் தவிரப் பெரும்பாலும் குழந்தைகள், மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தையின் உள்ளங்கை காகிதம் போல வெளுத்திருந்தது. கூட இருந்த தாய், குழந்தையின் தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டி, இன்னும் ஓர் ஊசி பாக்கி என்றார். அப்போதுதான் மலேரியா ஊசி என்று ஒன்று அந்த ஊரில் போடப்படுவதே தெரிந்தது. 2019இல் கானா, கென்யா, மலாவி மூன்று நாடுகளில் முன்னோட்டமாகத் தொடங்கிய ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி அது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அதைப் பரிந்துரைத்தது. நான் படுத்திருந்த அதே 2023 ஏப்ரலில், ஆர்21 என்ற இரண்டாவது ஊசிக்கு உலகிலேயே முதலாவதாக கானா அனுமதி கொடுத்திருந்தது. “உங்கள் நாட்டில்தான் செய்கிறார்கள், உங்களுக்குத் தெரியாதா?” என்றார் நர்ஸ். புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பு. அப்படியென்றால் எனக்கும் ஒன்று போடுங்கள் என்றேன், பாதி விளையாட்டாக. குழந்தைகளுக்கு மட்டும்தான், ஐந்து மாதத்திலிருந்து, நான்கு தவணை என்றார்.

ஏன் பெரியவர்களுக்கு இல்லை என்பதை ஆன்ட்டிதான் புரியவைத்தார். இந்த ஊசிகள் மேஸ்திரியிடம் இருக்கும் பாதுகாப்பைக் குப்பியில் அடைத்தவை அல்ல. அறுபது சட்டைக்காரனை ரத்தத்தில் துரத்துவது முடியாத காரியம் என்பதால், கொசு கடித்தவுடன் ஈரலுக்குப் போகும் வழியிலேயே மடக்கும் உபாயம். அந்தக் கட்டத்தில் ஒட்டுண்ணியின் மேல் இருக்கும் ஒரே ஒரு புரதத்தின் துண்டுதான் ஊசியில் இருக்கிறது. இந்த வழிக்கு விதை போட்டவர் ரூத் நுசென்ஸ்வைக் என்ற ஆய்வாளர். கதிர்வீச்சால் வலுவிழந்த ஒட்டுண்ணிகளை எலிகளுக்குச் செலுத்தி அவை பாதுகாப்புப் பெறுவதை அவர் 1967இல் காட்டினார். ஆர்டிஎஸ்,எஸ் உருவானது 1987இல்; பரிந்துரை கிடைக்க இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள். அதற்குப் பிறகும் நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம் நான்காண்டுகளில் மலேரியா மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் குறைந்தது. காலம் போகப்போகப் பலனும் தேயும். ஆண்டுக்குப் பல முறை காய்ச்சல் வரும் குழந்தைக்கு அதுவே பெரிய உதவி, சாவைத் தள்ளிப்போடும். என்னைப் போல நாலு மாதம் வந்து போகிறவனுக்கு மாத்திரையும் வலையும்தான் அதைவிடப் பலமான காவல். அந்தத் தாய் பாக்கி ஊசிக்காகக் காத்திருந்த மாதிரி நான் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

நான் படுக்கையில் கிடந்த நாட்களில் கிடங்கில் கொட்டையை வெயிலில் புரட்டிப்போட ஆள் இல்லை. மேஸ்திரி என்னோடு அலைந்துகொண்டிருந்தார். மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்து, நாற்பத்தெட்டு பவுண்டு அவுட்டர்ன் (எண்பது கிலோ மூட்டைக்குத் தேறும் நல்ல பருப்பு) வந்த சரக்கு நாற்பத்து நாலுக்கு இறங்கியது. எடுத்த இரண்டு கண்டெய்னரையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்பினேன்.

இனிச் சொல்வதுதான் நான் யாரிடமும் கேள்விப்படாத விஷயம். வீட்டுக்கு வந்து ஓரளவு தேறிய பிறகு திடீரென்று மாடிப்படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது, சிறுநீர் மறுபடி கறுத்தது. உள்ளூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் அதே பிளாஸ்டிக் பட்டைச் சோதனை செய்து, இரண்டு கோடு வந்ததும் மலேரியா திரும்பிவிட்டது என்று மறுபடி சிகிச்சை தொடங்கினார்கள். அந்தப் பட்டை தேடுவது ஒட்டுண்ணி விட்டுச்செல்லும் ஒரு புரதத்தை. ஒட்டுண்ணி செத்த பிறகும் அது பல வாரம் ரத்தத்தில் தங்கும். கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். புதுச்சேரியில் ஒரு மருத்துவர் அதைச் செய்தார். ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை, ஆனால் ஹீமோகுளோபின் ஆறரை. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் சிலருக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இப்படி நடக்குமாம். ஒட்டுண்ணி குடியிருந்து காலிசெய்த சிவப்பணுக்கள் ஆயுள் குறைந்துபோய் ஒட்டுமொத்தமாக உடையும். ரத்தத்தில் ஒட்டுண்ணி அதிகம் ஏறியவர்களுக்கு, அதாவது எதிர்ப்பில்லாமல் போய் மாட்டிக்கொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது கூடுதல். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஆகவே அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஊர் வந்தபின் நான்கு வாரத்துக்கு வாரம் ஒரு முறை ஹீமோகுளோபின் பாருங்கள். மருத்துவமனை மாறும்போது சிகிச்சைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். திரும்பி வந்த பிறகு எந்தக் காய்ச்சல் வந்தாலும், மாதக்கணக்கு ஆகியிருந்தாலும், ‘ஆப்பிரிக்கா போய்வந்தேன்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் பக்கம் மலேரியா குறைந்துவிட்டதால் அவர்கள் டெங்கு, டைபாய்டு என்றுதான் தொடங்குவார்கள்.

சென்ற மாதம் வடலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார், “அண்ணே, முதல் முறையாகப் போகிறேன்” என்று. மருத்துவரைப் பார்த்து டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரையை எழுதி வாங்கச் சொன்னேன். புறப்படும் முன்பே தொடங்கித் தினம் ஒன்று, திரும்பி வந்தும் நான்கு வாரம் விடாமல். நிறையத் தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்காமல். அட்டோவகோன்-ப்ரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஒரு வாரம் போதும், விலைதான் இடிக்கும். மருந்து ஊறிய வலையை இங்கிருந்தே எடுத்துப் போகவும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்கவும், முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மறுபடி பார்க்கவும், மேஸ்திரிகள் சொல்லும் வைத்தியத்தை அன்போடு கேட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகவும் சொன்னேன். இப்போது கானாவில் வென்சி என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறார். மாத்திரை போட்டதிலிருந்து வெயில் பட்டால் கை எரிகிறது என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தார். அந்த மாத்திரையின் குணம் அப்படி. முழுக்கைச் சட்டை போடு, ராத்திரிக் கட்டிங்குக்கும் அதையே போட்டுக்கொண்டு உட்கார் என்று பதில் போட்டேன்.